ஓடாத காருக்கும் பிரேக் ஆயில் கெடும்

அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். கோடு போட்ட சாதாரண பள்ளிக்கூட நோட்டு. 2015-ல் கார் வாங்கிய நாளிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் பெட்ரோல், டயருக்குக் காற்று எப்போது, பேட்டரி மாற்றியது எப்போது, வைப்பர் ரப்பருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எல்லாமே அதில் இருக்கும். அவர் போன பிறகு கார் என்னிடம் வந்தது, கூடவே நோட்டும்.

எட்டு வருஷத்தில் வண்டி ஓடியது 29,000 கிலோமீட்டர்தான். எங்கள் வீடு கடலூரில், சில்வர் பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். கார் பெரும்பாலும் உறை போட்டு போர்ட்டிகோவில் நிற்கும். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் அதன் ஓட்டம். பார்க்கிறவர்கள் "புதுசு மாதிரியே வச்சிருக்கீங்களே" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

அந்த நோட்டு முழுக்கத் தேடினாலும் பிரேக் ஆயில் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கொல்லிமலைக்குப் போய் வரும்வரை அது இல்லாதது எனக்கு உறைக்கவும் இல்லை.

2023 ஆடி 18-க்குப் போனோம். நான், வீட்டுக்காரர், அம்மா, பெரியம்மா, என் பையன். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாக ராசிபுரம் போய் ராத்திரி தங்கிவிட்டு, காலையில் காரவள்ளியில் மலை ஏறினோம். அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருப்பதால் பையன் எண்ணிக்கொண்டே வந்தான். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே கிடையாதே.

அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி என்றதும் பெரியவர்கள் இருவரும் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வல்வில் ஓரி விழா நேரம் என்பதால் செம்மேட்டில் நல்ல கூட்டம். பிற்பகலில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் இறங்க ஆரம்பித்தன, அதில் எங்களுடையதும் ஒன்று.

ஓட்டியது நான்தான். சமவெளியில் பத்து வருஷமாக ஓட்டுகிறேன், மலையில் அதுதான் முதல் முறை. முன்னால் ஒரு பஸ். அது ஊர்ந்தால் நானும் ஊர வேண்டும். மூன்றாவது கியரில் போட்டு, காலை பிரேக்கிலிருந்து எடுக்காமலே இறங்கினேன். பக்கத்தில் இருந்தவர் வேறு, "நியூட்ரல்ல விடேன், பெட்ரோல் மிச்சம்" என்றார். நல்லவேளை, அதை மட்டும் நான் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை வந்தது. "முன்னாடி பஸ்ஸோட கிளட்ச் நாத்தம்" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். எங்கள் வண்டியில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சரியாக எந்த வளைவு என்று நினைவில்லை, நாற்பதுக்குப் பக்கம். பெரியம்மாவுக்குக் குமட்டல் வந்துவிட்டது. சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். அதுவரை பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. எலுமிச்சம்பழம் மோந்து, தண்ணீர் குடித்து, குரங்குக்கு முறுக்கைப் பறிகொடுத்து, பத்து நிமிஷம் போயிருக்கும். அப்புறம் எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். வண்டியை எடுத்து இருபதடி உருண்டதும் பிரேக்கை மிதித்தேன்.

மிதித்த கால் நேராகக் கீழே போய்விட்டது.

பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி இருந்தது. எதிர்ப்பே இல்லை. பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. திரும்பத் திரும்ப மிதித்தேன். மூன்றாவது மிதியிலோ நான்காவதிலோ கொஞ்சம் பிடிமானம் வந்த மாதிரி இருந்தது. அதற்குள் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி முதல் கியரில் இருந்ததாலும் வேகமே இல்லாததாலும் மலைப்பக்கத்து ஓரக் கால்வாயில் முன் சக்கரத்தை இறக்கி நிறுத்த முடிந்தது. பம்பரில் ஒரு கீறல், அம்மாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பள்ளத்தாக்கு சாலையின் மறுபக்கம் இருந்தது.

அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த பிக்கப்காரர் நிறுத்தினார். இறங்கியதும் முதலில் அவர் பார்த்தது எங்களை அல்ல, சக்கரத்தை. ஒரு கல்லை எடுத்து டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்க, பெடலு கீழ போயிருச்சுங்களா?"

"ஆமாங்க. இப்ப நிறுத்தினப்பகூட நல்லாத்தான் இருந்துச்சு."

"நின்னதுனாலதானுங்க போச்சு. ஆயிலு கொதிச்சிருச்சு. ஒரு மணி நேரம் அப்பிடியே விடுங்க. தண்ணி கிண்ணி ஊத்தீராதீங்க."

கடைசி வார்த்தை என் வீட்டுக்காரரைப் பார்த்து. அவர் ஏற்கனவே தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பழுத்த டிஸ்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில், குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணலாகும், சில நேரம் விரிசலும் விடும்.

நின்றதால்தான் போச்சு என்று அவர் சொன்னது அப்போது புரியவில்லை. வண்டி ஓடும்போது காற்று பட்டு டிஸ்க் ஓரளவு ஆறிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். சில நூறு டிகிரியில் இருக்கும் டிஸ்கின் சூடு மெல்ல அதைக் கவ்விப் பிடிக்கும் பேடுக்கு ஏறி, அங்கிருந்து பேடை அழுத்தும் காலிப்பருக்கு, அதற்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியில் தாளிப்பு கருகுகிறதே, அதே கதைதான். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எங்கள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது.

பிரேக் வேலை செய்வது பாஸ்கல் விதிப்படி. மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் மறுமுனைக்குப் போகும். நாம் மிதிப்பது மாஸ்டர் சிலிண்டரை. அங்கிருந்து ஆயில் வழியாக நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் போகிறது. திரவம் நசுங்காது என்ற ஒரே நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. ஆவி நசுங்கும். குழாய்க்குள் கொஞ்சம் ஆவி சேர்ந்தாலும் நம் மிதி முழுக்க அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஹேண்ட் பிரேக் எங்கள் காரில் கேபிளில் இழுப்பது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால்தான் அது காப்பாற்றியது.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. ஒன்றுமே நடக்காதது போல! இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போவார்கள் என்று நினைக்கிறேன். ஆவி ஆறித் திரும்பத் திரவமாகிவிடும், பிரேக் பிடிக்கும், நாமும் "ஏதோ சூட்டுல அப்படி ஆயிடுச்சு" என்று ஊர் போய்ச் சேர்ந்து மறந்துவிடுவோம். பிக்கப்காரர் விடவில்லை. தன் வண்டியை உடன் வந்த பையனிடம் கொடுத்துவிட்டு, எங்கள் காரை அவரே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக இறக்கிக் கொடுத்தார். "எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதானுங்க எறக்கோணும்" என்றார். மீதி வளைவு முழுக்க அவர் பிரேக்கை மிதித்தது எண்ணி எடுக்கிற அளவுதான். மிதித்தபோதும் அழுத்தமாக மிதித்துச் சட்டென்று காலை எடுத்தார். என்னைப் போல லேசாக மிதித்தபடியே இழுத்துக்கொண்டு வரவில்லை. நியூட்ரல் சங்கதியும் அப்போதுதான் தெளிந்தது. இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார் கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்துச் செலவும் செய்து உயிரையும் பணயம் வைக்கிற வேலை அது.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று ராத்திரி தூக்கம் வராமல் லாட்ஜில் ஒரு கணக்குப் போட்டேன். வண்டி, ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்து 1,200 கிலோ. இறங்கும் உயரம் சுமாராக 1,000 மீட்டர். புவியீர்ப்புக்கான 9.8-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு கோடியே 17 லட்சம் ஜூலுக்குப் பக்கம். 30 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. வீட்டுக்குப் போடுகிற தண்ணீர் கேன் இரண்டு. காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இன்ஜினை வேலை வாங்கினால் அதுவும் நிறைய வாங்கிக்கொள்ளும். நான் இன்ஜினுக்கு வேலையே கொடுக்காமல் ஏறக்குறைய அத்தனையையும் உள்ளங்கை அளவு பேடுகளின் தலையில் கட்டியிருக்கிறேன்.

சரி, தப்பு என்னுடையது மட்டும்தானா? அதற்கு விடை அடிவாரம் தாண்டி ஒரு பட்டறையில் கிடைத்தது.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினார். பாலில்லாத காப்பி மாதிரி இருந்தது. "இது எப்பங்க மாத்துனது?" என்றார். அப்பா நோட்டு காரிலேயே இருந்தது, புரட்டினேன். இல்லை. பின் இடது சக்கரத்தில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பழைய தண்ணீர் பாட்டிலில் விட்டுவிட்டு என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். வந்தது காப்பிகூட இல்லை, கறுப்பு. முன் சக்கரத்தில் கழற்றியபோது அதைவிட மோசம். "ஆயிலு பூரா தண்ணி குடிச்சு வச்சிருக்குதுங்க" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? யாரும் ஊற்றவில்லை. இந்த ஆயிலின் குணமே ஈரத்தை இழுப்பது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் உப்பு கசிந்து நிற்குமே, அப்படி. நாம் ஆயில் என்று சொன்னாலும் இது எண்ணெய் வகையே அல்ல, கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவம். டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாக, சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாக, காற்றிலிருக்கும் ஈரம் சன்னமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் போகும், உறை போட்டு நிறுத்தினாலும் போகும். அதுவும் கடலூர்க் காற்று!

ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூடு இறங்கும். எங்கள் கார் டப்பா மூடியில் டாட் 3 என்று, அதாவது எந்தத் தர ஆயில் என்று, அச்சடித்திருந்தது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230-லிருந்து 155. நூறு பங்கில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் எவ்வளவு பெரிய இடைவெளியைத் தின்றுவிடுகிறது பாருங்கள். எங்களுடையதில் எத்தனை சதவீதம் இருந்தது என்று அளக்கவில்லை. எட்டு வருஷக் கடற்கரை ஈரம் எவ்வளவோ அவ்வளவு.

ஈரத்தை இழுக்காத ஆயிலே இல்லையா என்று என் பையன் கேட்டான். இருக்கிறது, சிலிக்கோனில் செய்த டாட் 5. ஆனால் அதில் தண்ணீர் கலக்காமல் தனியாகத் திரண்டு பள்ளமான இடத்தில் தங்கிவிடும், 100 டிகிரியிலேயே கொதிக்கும், அந்த இடத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ஒருவகையில், ஈரத்தைத் தனக்குள் கலந்து வைத்துக்கொள்வது சாதாரண பிரேக் ஆயில் நமக்குச் செய்கிற உபகாரம். டாட் 5-ஐ நம் கார்களில் மற்றதோடு கலக்கவே கூடாது. பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 3, 4 குடும்பம்தான். நமக்கு எதற்கு வம்பு, மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்கினால் போதும்.

பட்டறைக்காரர் சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கி வரச் சொன்னார். டப்பாவில் இருந்த பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் குழாயில் தெளிந்த மஞ்சள் நிறம் வரும்வரை மிதிக்க வைத்தார். "மிதிங்க... புடிங்க... விடுங்க." அவர் நிப்பிளை மூடிய பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும், முன்னமே எடுத்தால் காற்றை இழுத்துக்கொள்ளும். நடுநடுவே டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் அவர் பார்த்துக்கொண்டார். பேடுகளின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருந்தது, அதைத் தேய்த்துக் கொடுத்தார். ஒன்றரை பாட்டில் ஆனது. மீதி அரைப் பாட்டிலை டிக்கியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். திறந்த பாட்டிலும் ஈரத்தைக் குடிக்கும், அடுத்த வருஷம் அதை ஊற்றினால் பழைய ஆயிலை ஊற்றிய கணக்கு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு மணி நேரம் ஆகவில்லை.

ஊருக்கு வந்ததும் வழக்கமாகச் சர்வீஸ் விடுகிற இடத்தில் போய்க் கேட்டேன். கோபமாகத்தான் போனேன். அங்கிருந்தவர் பழைய பில்களை எடுத்துக் காட்டினார். மூன்று பில்லில் 'பிரேக் ஆயில் டாப் அப்' என்று இருந்தது. "40,000 கிலோமீட்டருக்குத்தான் மேடம் மாத்தணும், உங்க வண்டி இன்னும் ஓடவே இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடி எடுத்தேன். 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அது என்று இருந்தது. அவர் இரண்டாம் பாதியை மட்டும் படித்திருக்கிறார். அவரை மட்டும் சொல்லி என்ன? எட்டு வருஷமாகக் கையேடு எங்கள் டேஷ்போர்டுக்குள்தான் கிடந்தது, அப்பாவும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. எந்தக் காராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள், இடைவெளி காருக்குக் கார் மாறும்.

அந்த 'டாப் அப்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இதில்தான் அதிக ஆத்திரம். இன்ஜின் ஆயில் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயில் சுற்றாது, இருக்கிற இடத்தில் நின்றபடி தள்ளும், அவ்வளவுதான். டப்பாவில் புதிதாக ஊற்றியது டப்பாவிலேயேதான் இருக்கும். சூடு படுகிற காலிப்பரில் கிடப்பது எட்டு வருஷப் பழசு. டப்பாவை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியது ஊற்றி 'மாற்றிவிட்டோம்' என்றாலும், மூடியைத் திறந்து பார்க்கிற நமக்குத் தங்க நிறமாகத்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் நான் வண்டி பக்கத்திலேயே நிற்கிறேன். நான்கு சக்கரத்திலும் குழாய் போட்டு எடுக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

இன்னொன்று, ஆயில் மட்டம் ஏன் இறங்குகிறது என்று கேட்காமல் ஊற்றுவதே தப்பு. பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் போகும், டப்பாவில் மட்டம் இறங்கும். மெதுவாக இறங்கினால் அது பேடைப் பார் என்று வண்டி சொல்வது. நிரப்பி வைத்துவிட்டால் அந்தச் சேதி நமக்கு வராது. பிறகு புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் டப்பா வழிந்து கொட்டும். சட்டென்று இறங்கினால் கசிவு. அப்போது ஊற்றிக்கொண்டு ஓட்டுவது பைத்தியக்காரத்தனம். பல கார்களில் கிளட்சுக்கும் இதே டப்பாதான், கசிவு அந்தப் பக்கமும் இருக்கலாம்.

இந்த ஆயில் பெயின்டைத் தின்னும். பட்டறையில் ஒரு சொட்டு முன் மட்கார்டில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை, இரண்டு நாளில் அந்த இடம் கொப்பளித்துவிட்டது. சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீரிங் ஆயிலோ ஊற்றிச் சமாளிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அத்தனையும் உப்பிப் போகும், மொத்த பிரேக்கையும் கழற்றி மாற்ற வேண்டிவரும்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். ஹேண்ட் பிரேக் போட்டால் எரிகிற விளக்குதான் பெரும்பாலும் ஆயில் மட்டம் குறைந்தாலும் எரியும். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அது எரிந்தால் ஓட்டாமல் பாருங்கள். ஆனால் அதற்கு மட்டம் மட்டும்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. எங்கள் காரில் கடைசிவரை அது எரியவே இல்லை. டப்பா நிரம்பித்தானே இருந்தது!

நிறத்தை வைத்துச் சொல்லலாமா என்றால், கறுத்திருந்தால் நிச்சயம் பழசு, வெளுப்பாக இருந்தால் நல்லது என்று சொல்ல முடியாது. ஈரத்துக்கு நிறமில்லை. பேனா மாதிரி ஒரு கருவி சில பட்டறைகளில் இருக்கிறது, டப்பாவில் முக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். குத்துமதிப்பாகப் பார்க்க அது போதும். ஆனால் அது அளப்பது டப்பாவில் இருப்பதை. சிவப்பு காட்டினால் உடனே மாற்றுவேன், பச்சை காட்டியதால் மட்டும் மாற்றாமல் விடமாட்டேன். தேதிதான் எனக்குக் கணக்கு.

வீட்டில் நான் செய்வது இரண்டே சோதனை. இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தி அரை நிமிஷம் அப்படியே பிடிப்பேன். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அப்புறம் இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்தால் பெடல் கெட்டியாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், இறங்கினால் நம் மிதிக்குப் பலம் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் சரி. மிதிக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் கருகிய வாடை வந்தால் அது பேட் சூடேறி வழுக்குவது, ஆயில் அல்ல. அன்று எங்களுக்கு முதலில் வந்தது இந்த வாடைதான். அதை மதித்து அப்போதே கியரைக் குறைத்திருந்தால் பின்னால் வந்தது வந்திருக்காது.

பிரேக்கை இரண்டு தனித்தனிப் பாதையாகப் பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள், இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் போகும் என்று என் தம்பி சண்டைக்கு வந்தான். ஒரு குழாய் உடைந்து ஆயில் கொட்டினால் மற்றது காப்பாற்றும், வாஸ்தவம். ஆனால் இரண்டு பாதையிலும் ஓடுவது ஒரே வயதான ஆயில். சின்னக் கார்களில் ஒரு முன் சக்கரம் ஒரு பாதை, மற்ற முன் சக்கரம் இன்னொரு பாதை என்று குறுக்காகப் பிரிப்பதுதான் வழக்கம். இரண்டு முன் சக்கரமும் ஒரே மாதிரி பழுத்தால் இரண்டு பாதையிலும்தானே ஆவி வரும்.

"முப்பது வருஷமா ஓட்டறேன், ஒரு தடவை மாத்தினதில்லை" என்று சொல்கிற பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கடலூர் சிதம்பரம் ரோட்டில் ஆயிலைக் கொதிக்க வைக்க நினைத்தாலும் முடியாது. மாற்றுவது ஆறு மாசம் தள்ளிப்போனால் சமவெளியில் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கொதிக்காவிட்டாலும் அந்த ஈரம் சும்மா இருக்காது, பிஸ்டனையும் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் எங்கள் காரில் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதுக் கார்களில் அது கட்டாயம். அதன் உள்ளே நூல் போன்ற வழிகளும் சின்னச் சின்ன வால்வுகளும் இருக்கின்றன, துரு போய் அடைத்தால் செலவு எங்கேயோ போய் நிற்கும். அந்த மாதிரி வண்டிகளில் சிலவற்றுக்கு ஆயில் மாற்றக் கம்ப்யூட்டர் மாட்ட வேண்டும் என்பதையும் முன்னமே விசாரித்துக்கொள்வது நல்லது. மலைக்குப் போகிற திட்டம் இருந்தால் மட்டும் நான் ஒரு நாளும் தள்ளிப்போடமாட்டேன். ஊட்டியோ ஏற்காடோ, ரூம் போடுவதற்கு முன்னால் அந்தத் தேதியைத்தான் பார்ப்பேன்.

2025 ஆகஸ்டில் இரண்டாவது முறை மாற்றினேன். குழாயில் வந்தது வெளிர் டீ நிறம். அப்பா நோட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தில் அது இருக்கிறது. அதே வாரம் வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் முன் டிஸ்க் பிரேக்குக்கு ஒரு சின்ன டப்பாவும் அதில் ஒரு கண்ணாடி ஜன்னலும் இருக்கும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் உள்ளே பார்த்தேன். பாலில்லாத காப்பி. பைக்குக்கு ஆறு வயது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. போன சனிக்கிழமை திருவந்திபுரம் கிளம்பினோம். வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. தேவநாதரைப் பார்த்துவிட்டு எதிரில் குன்றின் மேல் ஹயக்ரீவரையும் பார்ப்பது வழக்கம், அது படியேறித்தான் போக வேண்டும், கார் கீழேயே நிற்கும். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்: "மலைக்கில்ல போறோம். பிரேக் ஆயிலைப் பார்த்தியா?"